அவள் உன்னிடம் வந்தாளா?

ஜூன் 3

அன்புள்ள சின்னுவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம், நான் மட்டும் சரியாகத் தூங்கி நான்கு நாளாகிறது. போனில் பேசினால் பக்கத்து அறையில் என் மகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதனால்தான் கடிதம்.

துவைக்கப் போட்ட அவள் பேண்ட் பாக்கெட்டில் உங்கள் ஊர் பஸ் டிக்கெட் இரண்டு கிடைத்தன. இரண்டு நாளும் ஸ்பெஷல் கிளாஸ் என்றுதான் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள். உன் வீட்டுக்கு வரவில்லை என்றால் உன் கிளினிக்குக்குத்தான் வந்திருக்க வேண்டும். கர்ப்பத்தடை, அது இது என்று பேசுகிற இடத்தில் பதினாறு வயதுப் பெண்ணுக்கு என்ன வேலை? எவனாவது இருக்கிறானா? மூடி மறைக்காமல் எழுது.

உன் அக்கா


ஜூன் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று நான் சொல்வதில்லை. நர்ஸாக இருந்து, மறுபடி படித்து, நானே பரிசோதித்து மருந்து எழுதும் இடத்துக்கு வந்து பதினான்கு வருஷம் ஆகிறது. இந்த வயதுப் பிள்ளைகள் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "அம்மாகிட்ட சொல்லிடுவீங்களா?" என்றுதான். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர சொல்ல மாட்டேன் என்கிறேன். அக்கா மகளென்றாலும் அதே பதில்தான்.

டிக்கெட்டை அவளிடமே காட்டிக் கேள். கத்தாமல் கேள்.

அன்புடன்,
சின்னு


ஜூன் 12

சின்னு,

யாரிடம் கதை விடுகிறாய்? போன வருஷம் இதே கேள்விக்கு, "இந்தப் பக்கமே வரவில்லை, நிம்மதியாக இரு" என்று ஒரே வரியில் எழுதினாயே. இப்போது மட்டும் நீட்டி முழக்குகிறாய். வந்திருக்கிறாள் என்று புரிய எனக்கு உன் படிப்பு வேண்டாம்.

அவளைக் கூப்பிட்டு, "சித்தி எல்லாத்தையும் எழுதிட்டா, இனிமே மறைக்காதே" என்று ஒரு போடு போட்டேன். பொய்தான். பெற்ற வயிறு, என்ன செய்ய? அழுதுகொண்டே சொன்னாள். மாதாமாதம் வலி தாங்காமல் பள்ளியில் இரண்டு முறை மயங்கி விழுந்தாளாம். "உங்கிட்ட சொன்னா யாரு அவன்னு கேப்பே" என்றாள். இவ்வளவுதானா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அங்கே கொடுத்த மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டாள். இனி சித்தி முகத்தில் விழிக்க மாட்டாளாம். நீ நாலு வரி எழுதிச் சமாதானம் செய்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

போன வருஷம் "வரவில்லை" என்று எழுதியது என் தப்பு. வராதவர்களைப் பற்றியும் வாய் திறக்கக் கூடாது என்பதுதான் புதிதாக வருகிற நர்ஸுகளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம். உன் கவலை பொறுக்காமல் நானே அதை மீறினேன். அதனால்தான் இப்போது நான் சொல்ல மறுத்ததே உனக்கு ஆமாம் என்று ஆகிவிட்டது.

நீ சந்தேகப்பட்டதில் எனக்குக் கோபமில்லை. என்னைச் சொல்லி நீ பொய் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. நான் எழுதினால் அவள் நம்ப மாட்டாள். சித்தி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அம்மாதான் பொய் சொன்னேன் என்று நீயே அவள் முகத்தைப் பார்த்துச் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

சின்னு


ஜூன் 28

சின்னுவுக்கு,

சொல்லிவிட்டேன். நான்கு நாள் பிடித்தது. "அப்ப நான் யாரைம்மா நம்பறது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறாள்.

இன்று காலை தலை சீவி, பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். எங்கே என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று மட்டும் சொன்னேன். நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

அங்கே வந்தாளா என்று எனக்கு எழுத வேண்டாம்.

அக்கா