கீர்த்திக்கு முன் வார்த்த கஞ்சி

நலம் பெருகுக. மழை தவறாதிருக்க. தவறிய மழையைப் பற்றி எவரும் பேசாதிருக்க.

ஏழ்கடல் தாள்கழுவ வீற்றிருந்தருளுபவரும், எண்டிசை யானைகளும் பெயர் கேட்டுப் பிளிறும் பெருமை உடையவரும், பகைவரைக் களத்திலும், பகைவர் வாராத களத்திலும் ஒருங்கே வென்றவருமாகிய கோமகன் அடல்வேழ தேவர் திருவாய் மலர்ந்தருளியபடி, ஓலைநாயகம் பெருந்தேவன் எழுத்து.

வாள்வலி குன்றாதவரும், அவ்வாளை இதுவரை உறையினின்று எடுக்க நேராதவருமாகிய வடகரை நாடாள்வார் மிழலை அரையர் காண்க. அவர்தம் நாடும் நகரும் வாழ்க. மாடும், மக்களில் எஞ்சியோரும் வாழ்க.

மன்னரின் மெய்க்கீர்த்தி இவ்வோலையின் தலையில் எழுதப்படவில்லை. எழுதப் புகுந்தால் வடகரைப் பனைகள் அனைத்தையும் மொட்டையடிக்க வேண்டும் என்று ஓலை வாருவோர் முறையிட்டதே காரணம். ஆகவே இதை வாசிக்கும் முன் அவையோர் அனைவரும் எழுந்து நிற்க, கீர்த்தி ஓதுவார் அதை முழுமையாக ஓதி முடிக்க. நம் நாட்டுக்குக் கடற்கரையே இல்லையே, ஏழு கடலும் எவ்வழியாக வந்து தாள் கழுவுகின்றன என்று ஐயுறுவோர் எவரேனும் இருப்பின், அவர் பெயரைத் தனி ஓலையில் எழுதியனுப்புக.

இனிச் செய்தி. ஈச்சங்குறிச்சி எழுத்துப்பள்ளியில் மெய்க்கீர்த்தி ஓதும் முன்பே பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்தாள் என்று, உப்பு வணிகர் குழைக்காதரின் மகள் நப்பின்னையைத் தாங்கள் சிறையில் வைத்திருப்பதாகவும், பள்ளியைப் பூட்டி முத்திரை இட்டிருப்பதாகவும், இக்குற்றத்துக்குத் தண்டம் யாது எனத் தெரியவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அவ்வோலை இங்கு வந்து சேர்ந்த சுவட்டிலேயே குழைக்காதரும் வண்டி கட்டிக்கொண்டு தலைநகர் வந்து சேர்ந்தார். அவர் சொன்னதையும், பிறர் சொன்னதாக அவர் சொன்னதையும் திருத்தாமல் எழுதுக என்பது ஆணை. எனவே அரசவைக்கு ஒவ்வாத சொற்கள் கீழே வரும். பொறுத்தருள்க.

குழைக்காதர் கீழைக் கடற்கரை நாட்டிலிருந்து உப்பு ஏற்றி வந்து விற்பவர். ஏழ்கடலும் நம்முடையவை ஆயினும், உப்பை மட்டும் அயலாரிடம் வாங்கும் வழக்கம் நமக்கு உண்டாதலின் அவர் தொழில் நன்றாகவே நடந்தது. அவருக்கு எழுத்துத் தெரியாது. மனைவி இறந்தபின் மகளை வண்டியிலேயே வளர்த்தார். வழித்தங்கல்களில் இருந்த துறவியரிடம் எழுத்துக் கற்ற அந்த மகள்தான் ஈச்சங்குறிச்சியில் பள்ளி வைக்கலாம் என்றாள். ஆட்டின் பின்னால் போகும் பிள்ளையை எவர் அனுப்புவார் என்று தந்தை கேட்டார்.

“எழுத்துக்காக எவன் அனுப்புவான் அப்பா? உச்சிப்பொழுதுக்கு ஒரு வாய் கஞ்சி குடுப்போம். வீட்ல ஒரு வாய் மிச்சம்னு தானா அனுப்புவாங்க” என்றாளாம்.

அப்படியே அனுப்பினார்கள். உப்பு விற்றுத் திரும்பும் வண்டிகளில் தந்தை அரிசி கொண்டுவந்தார். மகள் காய்ச்சினாள். எழுத்துச் சொல்லித்தரக் கணக்காயர் ஒருவரை அமர்த்தினார்கள். மணலில் எழுத்து ஓடத் தொடங்கிற்று. ஒருநாள் ஆட்டிடையன் மகள் கொற்றி என்னும் சிறுமி, பள்ளி வாசல் மணலில் ‘குழைக்காதர்’ என்று எழுதி, இதுதான் நீ என்று அவருக்குக் காட்டினாள். மனிதர் அதை மிதிக்க மனமில்லாமல், நுகத்தடியில் பூட்டிய காளைகளோடு வண்டியையே புளியந்தோப்பு வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தார். இரவு மழையில் அப்பெயர் கரைந்துபோனதைக் கண்டு வருந்தினார் என்றும் தெரிகிறது. அந்நாளில் மழை பெய்துகொண்டிருந்தது.

கரையாமல் இருக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்கு அப்போதுதான் பிடித்தது. தமக்குப் பின் பள்ளியை யார் காப்பார் என்று கவலைப்பட்டார். அரச அறம் என்னும் பெயர் பெற்றுவிட்டால் எவரும் அதில் கைவைக்க முடியாது என்று யாரோ சொல்ல, கொடியும் சங்கும் வேண்டி அரண்மனைக்கு விண்ணப்பித்தார். மகள் தடுத்தாள்.

“நல்லாத்தானே நடக்குது? கொடி எதுக்கு? பிள்ளைங்க அதையா கரைச்சுக் குடிக்கும்?”

“உனக்குத் தெரியாது தாயி. அரமனைப் பேரு இருந்தா நாளைக்கு ஒருத்தன் மூட முடியுமா? மூட முடியாது பாரு.”

சிறிது ஆசையும் இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. சங்கு ஊதினால் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் கேட்கும் அல்லவா?

மன்னர் இரங்கினார். கொடி சென்றது, சங்கு சென்றது. அவற்றின் பின்னால் கீர்த்தி ஓதுவார் மாணிக்கநாவரும் சென்றார். அரச அறம் நடக்கும் இடத்தில் மெய்க்கீர்த்தி முழுதும் ஓதி முடியும்வரை சோற்றில் அகப்பை படக்கூடாது, அனைவரும் வெறுந்தலையராய் நிற்க வேண்டும், ஓதல் இடையில் முறிந்தால் மீண்டும் தலையிலிருந்து தொடங்க வேண்டும் என்னும் விதிகள் தாங்கள் அறிந்தவையே. ஓதுவாரின் தொண்டை வறளாதிருக்கத் தேன் கலந்த பால் மட்டும் முன்னரே வழங்கலாம் என்பது விதிவிலக்கு.

முதலில் தொல்லை ஒன்றும் இல்லை. கீர்த்தி அப்போது சிறிது. கஞ்சி ஆறும் நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் மன்னரின் வெற்றிகள் பெருகின. வடதிசைப் படையெடுப்பு சேர்ந்தது. பகைவர் வாராமையால் அதில் ஆள் சேதம் இல்லை, அடிகள் மட்டும் மிகுதி. வறண்ட ஆற்றைப் படையோடு கடந்தது சேர்ந்தது. திருமேனியில் வந்த கட்டி உடைந்து நலம் பெற்றது பிணிவென்ற படலமாகச் சேர்ந்தது. எது சேர்ந்தாலும் ஏழ்கடல் தாள்கழுவும் பகுதியே முடிவாக நின்றது. ஆதலால் ‘கடல் வந்துருச்சு’ என்பது ஈச்சங்குறிச்சிப் பிள்ளைகளிடையே, இன்னும் சற்று நேரத்தில் கஞ்சி என்று பொருள்படும் சொல்லாயிற்று. காலையில் கணக்காயர் எழுத்தை விட்டுவிட்டுக் கீர்த்தியையே மனப்பாடம் செய்வித்தார். அரண்மனை ஆய்வாளர் வந்தால் அதைத்தான் கேட்பார். கொற்றிக்குப் பிறகு அப்பள்ளியில் எவரும் மணலில் பெயர் எழுதவில்லை.

பிறகு மழை நின்றது. பள்ளிக்கு வரும் பிள்ளைகள் கூடினர். எழுத்தின்மேல் வந்த ஆர்வம் என்று தாங்கள் அரண்மனைக்கு எழுதியதாக நினைவு. வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்கிறார் குழைக்காதர். நின்றுகொண்டே மயங்கி விழும் பிள்ளைகள் முதலில் ஒன்றிரண்டு. ஒருவன் விழுந்தபோது நப்பின்னை ஓடிப்போய்த் தூக்கினாள். ஓதல் முறிந்தது. மாணிக்கநாவர் தலையிலிருந்து தொடங்கினார்.

“நான் என்னம்மா செய்ய? முறிஞ்சா முதல்லேருந்து. நான் போட்ட விதியா?” என்று அவர் கண்கலங்கினார் என்பதையும் எழுதிவிடுவதே முறை.

அன்று விழாதவர்களும் இருமடங்கு நின்றார்கள். அதிலிருந்து பிள்ளைகள் தாமே ஒரு வழி கண்டார்கள். எவரேனும் தள்ளாடினால் இருபுறமும் நிற்பவர்கள் அக்குளில் கைகொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொள்வார்கள். பார்க்கும் ஆய்வாளருக்கு அனைவரும் நேராக நிற்பதாகவே தோன்றும். ஒழுங்கு மேம்பட்டிருப்பதாக ஆய்வாளர் ஒருவர் பாராட்டி எழுதிய ஓலை இங்கு இருக்கிறது.

பங்குனியில் ஒரு நண்பகல், வறண்ட ஆற்றைக் கடக்கும் பகுதியில் கொற்றியின் தலை சாய்ந்தது. பக்கத்துச் சிறுமியர் இருவரும் பிடித்துக்கொண்டனர். “ஏ, தூங்காதடி, விழுந்தா மறுபடி முதல்லேருந்து” என்று ஒருத்தி காதில் சொன்னாள். அகப்பையோடு நின்ற நப்பின்னை ஓர் அடி முன்வைத்தாள். எதிரே வெறுந்தலையராய் நின்ற குழைக்காதர் அதைக் கண்டார். எல்லாப் பிள்ளைகளும் மறுபடியும் நிற்க வேண்டிவருமே என்று எண்ணினார். மகளை நோக்கிக் கையால் அமர்த்தி, உதட்டை மட்டும் அசைத்தார்.

“இன்னும் கொஞ்சந்தான் தாயி. கடல் வந்துருச்சு.”

நப்பின்னை நின்றாள். கடல்கள் ஏழும் ஒவ்வொன்றாக வந்து தாள் கழுவிப் போயின. வாழ்த்து முழங்கிற்று, சங்கு ஊதிற்று, பிள்ளைகள் கைவிட்டார்கள். கொற்றி விழுந்தாள். அவள் எப்போது இறந்தாள் என்பது பிடித்திருந்த இருவருக்கும் தெரியவில்லை. கை வலித்தது என்று மட்டும் சொன்னார்கள்.

மறுநாள் சங்கை எடுக்கும் முன்பே நப்பின்னை பானையைத் திறந்தாள். “முதல்ல குடிங்க. குடிச்சிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் ராசாவைப் பாடலாம். வயிறு நெறைஞ்சா பாட்டும் நல்லா வரும்” என்றாள். பட்டங்கள் எதுவும் சேர்க்காமல் வெறுமனே ராசா என்றது இரண்டாம் குற்றம் எனத் தங்கள் ஓலையில் கண்டோம். எஞ்சியவை தாங்கள் அறிந்தவை. தாங்கள் செய்தவை.

குழைக்காதர் அரசவைக்கு வந்தார். விண்ணப்பம் கேட்கும் முன் மெய்க்கீர்த்தி ஓதப்பட்டது. கிழவர் நின்றார். ஆற்றைக் கடக்கும் இடத்தில் அவருடைய வலக்கை பக்கவாட்டில் நீண்டு, இல்லாத எதையோ பிடிக்கப் பார்த்துத் திரும்பிற்று. முடிந்ததும் பேசச் சொன்னார்கள்.

“சாமி, கொடியைத் திருப்பி எடுத்துக்குங்க. சங்கையும் எடுத்துக்குங்க. துடைச்சு, துணி சுத்தி வண்டியில வெச்சிருக்கேன். அரமனைப் பேரு வேண்டாம். எம் பொண்ணைக் குடுத்துடுங்க, நாங்க சும்மா கஞ்சி ஊத்திக்கிறோம்.”

அவை திகைத்தது. அரசப் பேற்றைத் திருப்பித் தந்தவர் இதற்கு முன் எவரும் இலர். எந்த அறையில் வைப்பது என்று பண்டார நாயகர் கேட்டார். கொடுத்ததைத் திரும்பப் பெற்ற கோ என்று பகைவர் பாடமாட்டாரா என்று அறநாயகர் அஞ்சினார். கீர்த்தி தொடங்கியது முதல் திருக்கண் வளர்ந்திருந்த மன்னர் இவ்வாரவாரத்தில் விழித்தருளி, நடந்தது யாது என்று கேட்டார். சொன்னார்கள். பிள்ளைகளுக்குக் கஞ்சி வார்த்ததற்கா சிறை, அதை நாமே முன்னரே வார்க்கச் சொன்னதாகக் கொள்க என்று திருவாய் மலர்ந்து, மீண்டும் கண் வளர்ந்தார். அவை எழுந்து ஆர்ப்பரித்தது. குழைக்காதர் தரையில் விழுந்து கும்பிட்டார். தீர்ப்பு முடிந்துவிட்டது என்று அந்த எளிய மனிதர் நினைத்தார். அதன்மேல் அவையின் அறிஞர்கள் செய்த விளக்கமே இனி வருவது. தாங்கள் நிறைவேற்ற வேண்டிய ஆணையும் அதுவே.

கஞ்சி வார்த்தவர் மன்னர். ஒரு செயலை இருவர் செய்ய இயலாதாதலின் நப்பின்னை அதைச் செய்யவில்லை. செய்யாதவளுக்குத் தண்டம் இல்லை. உடனே விடுவிக்க. பள்ளியையும் முத்திரை நீக்கித் திறக்க. அதே காரணத்தால் அவள் அப்பள்ளியில் எக்காலத்தும் அகப்பை தொட்டதும் இல்லை. இனித் தொடவும் ஒண்ணாது. அவளும் அவள் வழிவந்தோரும் பள்ளி எல்லைக்குள் புகாதிருக்க. குழைக்காதர் அரிசி கொடுப்பது மட்டும் தடையின்றித் தொடர்க. அது இன்று முதல் கடமை எனப்படும். கொற்றி என்பவள் கீர்த்தியின் இனிமையில் உயிர் உருகி, நின்றவாறே விண்ணேகினாள் எனக் கொள்ளப்படும். அவளைப் பெற்ற ஆட்டிடையனுக்குப் பட்டு உத்தரீயம் ஒன்று இவ்வோலையோடு வருகிறது.

பசித்த மழலையர்க்குத் தம் புகழுக்கும் முன்னே அன்னம் ஈந்த அண்ணல் என்னும் படலம் புதிதாக இயற்றப்பட்டு மெய்க்கீர்த்தியில் சேர்க்கப்பட்டுள்ளது. வருகிற அமாவாசைமுதல் எல்லா அறச்சாலைகளிலும் அதையும் முழுமையாக ஓதிய பின்னரே அன்னம் வழங்குக.

பள்ளியின் எல்லைக்கல்லுக்கு அப்பால், புளியந்தோப்பு வழியில், காலைப் பொழுதில் எவரேனும் வண்டியை நிறுத்திக் கஞ்சி காய்ச்சினால் என் செய்வது என்று இவ்வோலை கூறவில்லை. கூறாததைத் தாங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டா.

கொடியும் சங்கும் குழைக்காதரின் வண்டியிலேயே திரும்பி வருகின்றன. ஊர் எல்லையில் மேளத்தோடு எதிர்கொள்க.

இறுதியாக ஒன்றையும் குறித்துவைக்க வேண்டும். தீர்ப்பு வாசித்து முடிந்தபின், கிழவர் வாயிலருகே நின்று, புதிய படலம் எந்த இடத்தில் வரும் என்று கேட்டார். கடல்களுக்குப் பின்னால் என்று சொன்னார்கள்.

“கடல் வந்தாலும் முடியாதா சாமி?” என்றார்.

வேழ முத்திரை இடப்பட்டது. ஆணை இவ்வாறு ஆக. நிற்போர் அனைவரும் இனி அமரலாம். இருபுறமும் நிற்பவர் தாங்கிப் பிடித்திருக்கும் எவரேனும் அவையில் இருப்பின், முதலில் அவரைப் பார்க்க.