இரவல் ஒப்பாரி

புளியங்கொட்டாய் ஊர்ப்புற நூலகம்,
மத்தூர் வழி.
4.2.2024

அன்புள்ள பிரேம்குமாருக்கு,

நம் நூலகத்தின் வரலாற்றில் திருப்புமுனை என்று சொல்லத்தக்க முடிவு ஒன்று நேற்று எடுக்கப்பட்டது. வாசகர் வட்டம் இரண்டரை மணி நேரம் விவாதித்து, சிடிகளின் இரவல் காலத்தைப் பதினான்கு நாளிலிருந்து ஏழு நாளாகக் குறைத்திருக்கிறது. ஏழே நாளில் எவனாலும் நகல் எடுக்க முடியாது என்றார் வட்டத் தலைவர் அழகர்சாமி. நான்கு நிமிடம் போதும் என்றேன். அது குறிப்பேட்டில் ஏறவில்லை.

இதற்கெல்லாம் காரணம் நீ. என் அப்பா செத்த அன்று அம்மா பாடிய ஒப்பாரி, சிடி எண் 41, ஐந்து வாரமாக உன்னிடம் இருக்கிறது. ஒப்பாரியை வீட்டில் வைத்தால் ஆகாது என்றுதான் நூலகத்தில் வைத்தோம். நீ அதைப் பென்டிரைவில் ஏற்றி, ஞாயிறுதோறும் உன் சவுண்டு செட்டோடு சாவு வீடுகளில் போடுகிறாயாம். பாட்டில் அப்பா பெயர் பதினோரு இடத்தில் வருகிறது என்பதாவது நினைவிருக்கிறதா?

சாவு விழாத வீட்டில் அம்மா அதை மறுபடி பாட மாட்டாள். இருப்பது இந்த ஒன்றுதான். சிடியைத் திருப்பிக் கொடு. நகல்களை அழித்துவிடு. உன்னிடமிருந்து வாங்கியவர்களிடம் கற்பூரம் அடித்துச் சத்தியம் வாங்கி, அவர்களையும் அழிக்கச் சொல். போனில் திட்டினால் கோப்பில் சேராது என்பதால் எழுதுகிறேன்.

அம்மா கேட்கச் சொன்னாள்: "ஓசூர்ல அவன் நேரத்துக்குத் துன்றானா, இல்ல மிசினோடயே மல்லுக்கட்டறானா?"

நண்பனும் நூலகருமான
விஜயகுமார்


மத்திகிரி
11.2.2024

அன்பு விஜிக்கு,

சிடியைப் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். கீறல் இல்லை, பார்த்துக்கொள்.

இரவல் வாங்கித் திருப்பித் தராதவன் திருடன், சரி. திருப்பித் தந்தும் வைத்திருப்பவன் யார்? உன் நூலகப் புத்தகத்திலிருந்து குறிப்பெடுத்துப் பரீட்சை எழுதிய பையன் கிராம நிர்வாக அலுவலர் ஆனான். அவனுக்கு மாலை போட்டீர்கள். நான் நான்கு நிமிடப் பாட்டை எடுத்தேன்; எனக்குத் தீர்மானம்.

இப்போது சாவு வீட்டில் பாட ஆள் எங்கே இருக்கிறார்கள்? எல்லாரும் ஷிஃப்டில் இருக்கிறார்கள். உன் அம்மா குரலைக் கேட்ட பிறகுதான் மருமகள்களுக்கே கண்ணீர் வருகிறது. அப்பா பெயரைப் பற்றிக் கவலைப்படாதே. அழும்போது யார் பெயரைக் கேட்கிறார்கள்? செட்டுக்கார நண்பர்கள் எட்டுப் பேருக்கும் கொடுத்திருக்கிறேன். சும்மாதான் கொடுத்தேன், நூலகம் மாதிரி.

அம்மாவிடம் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல். என் வீட்டுக்காரி சுவேதா சிரிக்கிறாள்.

உன்
பிரேம்


மருத்துவமனை, பொது வார்டு
24.2.2024

விஜி,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து அப்படித்தான் இருக்கும்.

போன ஞாயிறு உங்கள் பக்கத்தில் திம்மப்பன் என்ற பெரியவர் சாவு. பாட்டைப் போட்டேன். "வெங்கடப்பா, என்ன விட்டுப் போனியே" என்று அம்மா எடுத்ததும் கூட்டம் அமைதியானது. பக்தி என்று நினைத்து ஒலியைக் கூட்டினேன். பெரியவருடைய மூத்த மகனுக்கும் உன் அப்பா பெயர்தான், வெங்கடப்பன். பிணத்தின் தலைமாட்டில் உயிரோடு நின்றிருந்தான்.

"உசுரோட நிக்கறவனுக்கு எவன்டா ஒப்பாரி வெக்கறது?" என்றான். ஒருவன் கடப்பாறையால் ஸ்பீக்கரைக் குத்தினான். பாட்டு நிற்கவில்லை, இன்னொரு ஸ்பீக்கர் இருந்தது. பாடை மூங்கிலை உருவி என்னை அடித்தார்கள். பிணம் சரிந்து மண்ணில் விழுந்தது. தூக்க யாருக்கும் கை ஒழியவில்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் திட்டினார்கள். எனக்கு மூன்றும் புரியும்.

வெங்கடப்பன் என் வலது கையை அம்மிமேல் அழுத்திப் பிடித்தான். "எந்த வெரல்ல அமுக்குன, சொல்றா!" சொன்னேன். நம்பாமல் பக்கத்து விரலையும் சேர்த்துக் குழவியால் நசுக்கினான். பிரஸ் மிஷினில் பதினோரு வருஷம் பத்து விரலையும் காப்பாற்றியதற்காகப் போன மாதம்தான் கம்பெனியில் டிபன் பாக்ஸ் கொடுத்தார்கள். இப்போது எட்டு.

பாட்டு எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். மூன்றாவது விரலைத் தொட்டதும் நூலகத்தைச் சொல்லிவிட்டேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாலு நாள் எங்காவது போயிரு. போனை உடைத்துவிட்டார்கள். எல்லா நம்பரும் அதோடு போயிற்று.

நீ சொன்னதுதான் சரி. சுவேதாவை வீடு வீடாக அனுப்பி எட்டுப் பேரையும் வரவழைத்தேன். வார்டில் நர்ஸ் விடவில்லை; வாசல் வேப்பமரத்தடியில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்தார்கள். என் பென்டிரைவை சுவேதா அழித்துவிட்டாள்.

பிரேம்


புளியங்கொட்டாய்
5.3.2024

பிரேம்,

உன் கடிதம் 27ஆம் தேதி வந்தது. அவர்கள் 25ஆம் தேதியே வந்துவிட்டார்கள்.

பதினான்கு பேர். அவர்களில் மூவர் நூலக உறுப்பினர்கள். பீரோவைச் சாய்த்து சிடிகளை மிதித்தார்கள். நாற்பத்தொன்றை வெங்கடப்பன் தேடி எடுத்து, நான்காக உடைத்தான். என் முன்பல் இரண்டு போயின. சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். "சாமிங்களா, அது என் ஊட்டுக்காரருக்கு அழுதது. உங்க மேல ஏவல சாமி!" என்று குறுக்கே நின்றாள். ஒருவன் தள்ளினான். தலை படிக்கல்லில் மோதிப் பிளந்தது. ரத்தம் நாளிதழ் மேசை வரை வந்தது.

உயிர் இருக்கிறது. பேச்சு போய்விட்டது; திரும்பாது என்கிறார் டாக்டர். காது மட்டும் நன்றாகக் கேட்கிறது. வாசகர் வட்டம் கூடி, சம்பவத்தை ஒருமனதாகக் கண்டித்தது.

இதை நூலகராக எழுதவில்லை. அம்மா குரல் எனக்கு வேண்டும். எட்டுப் பேரில் ஒருவனாவது சத்தியத்தை மீறியிருப்பான். மனிதர்கள்தானே. கேட்டுப் பார். அப்பா பெயரோடு, அப்படியே வேண்டும்.

விஜி


மத்திகிரி
12.3.2024

விஜி,

உன் கடிதத்தைப் படித்துக் காட்டிய சுவேதா நடுவில் நிறுத்திவிட்டு அழுதாள். அன்றே அவள் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து எட்டு வீட்டுக்கும் போனேன். ஏழு பேர் போன், பென்டிரைவ், லேப்டாப் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டினார்கள். "சத்தியம் பண்ணிட்டு வெச்சிருப்பமாண்ணா?" என்று கோபித்துக்கொண்டார்கள். கடைசியாக ஸ்ரீராம். அவன், அழித்தால் மட்டும் போதாது என்று, பென்டிரைவையே வார்ப்புக் கம்பெனி உலையில் போட்டிருக்கிறான்.

யாரிடமும் இல்லை.

பிரேம்