ஞாயிற்றுக்கிழமை வாக்கியங்கள்

மதிப்புக்குரிய பேராசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கட்டிய மனைவியின் கடிதத்தில் இத்தனை மரியாதையா என்று பார்க்காதீர்கள். பரிசு வாங்கப்போகிறவரின் படத்தைப் பத்திரிகையில் பார்த்த பிறகு வேறு எப்படித் தொடங்க? நானும் மகளும் நலம். குளியலறைக் குழாய்தான் இன்னும் ஒழுகுகிறது.

நீங்கள் அனுப்பிய விவாகரத்துப் பத்திரம் வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். கூடவே ஒரு துண்டுச்சீட்டு: பரிசுக் குழு பார்க்க வேண்டுமாம், மகளின் மழலைப் பேச்சை நான் எழுதிவைத்த குறிப்பேடுகளை உடனே அனுப்ப வேண்டுமாம். பரிசு பெறும் உங்கள் புத்தகத்தின் நன்றியுரையில் தட்டச்சு செய்த பெண்ணுக்குப் பெயர் இருக்கிறது. நான் வெறும் 'வீட்டில் குறிப்பெடுத்தவர்'. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை, மறைப்பானேன்.

புத்தகத்தை ஒரு வரி விடாமல் படித்தேன். இரண்டரை வயதில் அவள், "மழை என்னைத் தேடி வந்துச்சு, நான் வீட்ல இல்லைன்னு போயிடுச்சு" என்று சொன்னதை வைத்துப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். யாரும் சொல்லித்தராத வாக்கியம், மொழி மனித இயல்பிலேயே ஊறிக்கிடக்கிறது என்பதற்கு இதுவே சான்று என்கிறீர்கள். கேட்கிறவன் கேனயனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியுமாம். சொல்லிக்கொடுத்தவள் நான். உங்கள் மனித இயல்பு அன்று அடுப்படியில் ஈரக்கையோடு நின்றுகொண்டிருந்தது.

நீங்கள் வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்குப் போன புதிது. ஞாயிறுதோறும் போன் செய்வீர்கள். புதிதாக ஏதாவது பேசினாளா என்பதுதான் முதல் கேள்வி. இல்லை என்றால், "சரி, வெச்சிடறேன்." குழந்தை அதன் பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டு அப்பா, அப்பா என்று பேசிக்கொண்டே இருப்பாள். பார்க்கப் பொறுக்காமல், வெள்ளிக்கிழமையே ஒரு வாக்கியம் கட்டி ஞாயிறு வரை ஒப்பிக்க வைத்தேன். அவள் பேச்சைப் பதிவு செய்ய நீங்கள் வாங்கித்தந்த டேப் ரெக்கார்டரிலேயே ஒத்திகையும் பதிவாகியிருக்கிறது. அவள் தப்பாகச் சொல்கிறாள், நான் திருத்துகிறேன், மறுபடி சொல்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக் கேசட்டுகளை மட்டும் வாங்கிக்கொண்டீர்கள். மற்றதில் என்ன இருக்கிறது என்று ஒருநாள் கேட்டதுண்டா? ஊருக்கெல்லாம் சந்தேகப்படச் சொல்லித்தருகிற விஞ்ஞானிக்குப் பெண்டாட்டி மேல் மட்டும் அத்தனை அலட்சியம்.

குறிப்பேடுகளை அனுப்பிவிட்டேன். உங்களுக்கல்ல, நேரே பரிசுக் குழுவுக்கு. ஒத்திகைக் கேசட்டுகள் பதினொன்றும் அதே பெட்டியில். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது அவர்கள் கேட்டு முடித்திருப்பார்கள். ஐயோ பாவம் என்று தோன்றுமா என்று இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். தோன்றவில்லை. மனசு குளிர்ந்துதான் கிடக்கிறது.

அனுப்பும்முன் மகளும் அவற்றைக் கேட்டாள். இருபதை நெருங்குகிறாள். அழவில்லை. "அந்த மழை வாக்கியம் சொன்ன அன்னிக்கு அப்பா எவ்வளவு நேரம் பேசினாரு?" என்று மட்டும் கேட்டாள். நாற்பது நிமிடம் என்றேன்.

இனி உங்களுக்கு மேடை இருக்காது. நேரம் நிறைய இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைப் போனில் கூப்பிடுங்கள். புதிதாகச் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது. தயவுசெய்து வைத்துவிடாதீர்கள்.

இப்படிக்கு,
வீட்டில் குறிப்பெடுத்தவள்