நீந்திப் போனவள்

ஜூலை 11

மருந்துக்கடையில் ஒருவழியாக விடுப்பு கொடுத்துவிட்டார்கள். நாளை மறுநாள் கடற்கரையில் கூடாரம் போடப் போகிறோம். நான், என் கணவர் திலெகன், மகள் இன்ஜு மூன்று பேர் மட்டும் என்றுதான் போன மாதம் பேசினோம். இன்று சாப்பிட்டு முடித்துக் கை துடைக்கும்போது திலெகன் சொல்கிறார்: "செர்ஜான் குடும்பமும் வருது, சொன்னேன்ல?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நினைவிருக்கும்.

கூடாரம், கொப்பரை, தேநீர் கொதிக்கவைக்கும் சமோவார், போர்வைகள், குடிதண்ணீர் எல்லாம் நான் மூட்டை கட்டினேன். அவர் தூண்டிலை எடுத்துவைத்துவிட்டு முதுகு வலிக்கிறது என்று படுத்துவிட்டார்.

ஜூலை 13

எங்கள் ஊர் அக்தாவிலிருந்து தெற்கே, வெள்ளைப் பாறைகளுக்குக் கீழே இடம் பிடித்தோம். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே கித்தானைக் கட்டி நிழல் செய்தாயிற்று. இன்ஜுவும் செர்ஜானின் மகன் சனாத்தும் வண்டி நின்றதும் தண்ணீருக்கு ஓடினார்கள். கடல் நீலமாக, அமைதியாக இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. கடலைச் சொல்கிறேன்.

செர்ஜான் திலெகனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர். அவர் இருக்கும் இடத்தில் மற்றவர்கள் பேச இடம் கிடையாது. அவர் மனைவி பிபிநூர் அக்கா கொஞ்சம் பருமன். கால் நனைக்கக் கரைக்குப் போனார். உடனே இங்கிருந்து செர்ஜானின் கத்தல்: "அடியே, நீ இறங்காத! தண்ணி பொங்கி நம்ம கூடாரத்துக்கு வந்துடும்!"

எல்லோரும் சிரித்தார்கள். திலெகனும். அக்காவும் சிரித்துக்கொண்டு திரும்பி வந்து மாவு பிசைய உட்கார்ந்தார். நான் சிரிக்கவில்லை.

"திலெகன், உன் பொண்டாட்டி மூஞ்சியப் பாருடா. அவ கடை மருந்த அவளே குடிச்ச மாதிரி!" என்றார் செர்ஜான்.

ஜூலை 14

காற்று. தேநீரில் மணல், இறைச்சியில் மணல், பல்லில் மணல். கொப்பரை தேய்ப்பது யார்? கேட்கவே வேண்டாம்.

ஜூலை 15

செர்ஜான் ரப்பர் படகுக்குக் காற்றடித்தார். பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரு நீளக் கயிற்றின் நுனியைக் கையில் பிடித்தபடி கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மறு கையில் பீர். குழந்தைகளுக்கு மிதவைச் சட்டை இல்லையே என்றேன். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிறது, பாருங்கள் என்றேன்.

"கயிறு என் கையில இருக்கு தங்கச்சி. நீ போய்த் தேநீர் போடு."

திலெகனைப் பார்த்தேன். தூண்டில் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? நண்பன் மனம் நோகக் கூடாதாம். என் மனம்?

ஜூலை 16

இன்றே எழுதிவிட வேண்டும்.

பிள்ளைகள் இன்றும் படகில். மதியம் கொப்பரையை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா" என்று இன்ஜுவின் குரல். அலறல் இல்லை. பக்கத்து அறையிலிருந்து கூப்பிடுவதுபோல் சின்னதாக. நிமிர்ந்தேன். படகு கடலுக்குள் எங்கேயோ இருந்தது.

செர்ஜான் கரையில் இல்லை. தொலைபேசி அடித்ததாம். கயிற்றை ஒரு கல்லுக்கடியில் சொருகிவிட்டு, சிக்னல் தேடி மேட்டில் ஏறிப் போயிருக்கிறான். கல்லுக்கடியில்! பிள்ளைகள் சேட்டை செய்வார்கள் என்று துடுப்புகளையும் எடுத்துக் கரையில் வைத்திருந்தான்.

திலெகன் முழங்கால் தண்ணீர் வரை ஓடி நின்றுவிட்டார். அவருக்கு நீந்தத் தெரியாது. எனக்கும் தெரியாது. நான் போனேன். கழுத்துவரை வந்தபோது அவர்தான் தலைமுடியைப் பிடித்து இழுத்தார். செர்ஜான் மேட்டிலிருந்து ஓடிவந்தான். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று, "துடுப்பு போடுங்கடா! துடுப்பு போடுங்க!" என்று கத்தினான். துடுப்புகள் அவன் முதுகுக்குப் பின்னால் மணலில் கிடந்தன.

பிபிநூர் அக்கா அடுப்படியில் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார். கரண்டியைப் போட்டார். ஒரு சத்தம் போடவில்லை. அந்தப் பூப்போட்ட நீளச் சட்டையோடு எங்களைத் தாண்டித் தண்ணீரில் நடந்து, நடந்து, பிறகு படுத்துக்கொண்டார். அப்படித்தான் இருந்தது எனக்கு. கடல்மேல் படுத்துக்கொண்டு போனார்.

நீந்தத் தெரியும் என்று யாருக்குமே சொன்னதில்லை அந்த மனுஷி.

படகைப் பிடித்துவிட்டார். கயிற்றைத் தோளில் சுற்றிக்கொண்டார். ஆனால் எங்களை நோக்கி வரவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. எதிர்காற்றில் இழுக்க முடியாது என்று தெரிந்து, பக்கவாட்டில், கடலுக்குள் நீண்டிருக்கும் பாறைகளை நோக்கி இழுத்திருக்கிறார். நாங்கள் கரையோரமாக ஓடினோம். பிள்ளைகள் இருவரையும் பாறைமேல் தள்ளி ஏற்றிவிட்டார். தான் ஏற முடியவில்லை. நானும் திலெகனும் ஆளுக்கொரு கை பிடித்து இழுத்தோம். காலெல்லாம் கிழிந்து ரத்தம். உப்புத்தண்ணீரை வாந்தி எடுத்தார். பிறகு பேசிய முதல் பேச்சு: "வெங்காயம் கருகியிருக்கும்."

செர்ஜான் வந்து இரண்டு பிள்ளைகளையும் இரண்டு கைகளில் வாரித் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்கு நடந்தான். அழுதான். அதையும் எழுதத்தான் வேண்டும், உண்மையிலேயே அழுதான். அப்போதுதான் ஓடிவந்த பக்கத்துக் கூடாரத்துப் பெண் ஒருத்தி படம் எடுத்தாள்.

இன்ஜு என் மடியில் தூங்குகிறாள். முடியில் உப்பு.

ஜூலை 17

கூடாரத்தைப் பிரித்தோம். பக்கத்துக் கூடாரத்துக்காரர்கள் ஒட்டகப்பாலும் எண்ணெயில் பொரித்த பௌர்சாக் பணியாரமும் கொண்டுவந்தார்கள், குழந்தைகள் பிழைத்ததற்காக. அவர்களில் ஒரு பெரியவர் செர்ஜானின் தோளைத் தட்டி, "ஆம்பளைய்யா நீ! கடலோட மல்லுக்கட்டி ரெண்டு உசிரக் கொண்டாந்துட்ட!" என்றார்.

அவன் மறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான், அடக்கமாக! "நம்ம பிள்ளைங்க... வேற என்ன செய்ய முடியும்?" என்றான்.

நான் வாயைத் திறந்தேன். பிபிநூர் அக்கா என் கையில் ஒரு கிண்ணத்தைத் திணித்தார். "பால் குடி மக்பால், ஆறிடும்." ஒட்டகப்பால் எப்போது சூடாக இருந்தது, ஆறுவதற்கு?

வண்டியில் திலெகனிடம் கேட்டேன், நீங்களும் பார்த்தீர்களே என்று.

"பிள்ளைங்க பத்திரமா வந்தாச்சுல்ல. விடும்மா."

"விடுறதுக்கு அது என்னோட கதையா?"

அவர் வண்டியின் வானொலியைச் சத்தமாக வைத்தார். வீடு வரும்வரை குறைக்கவில்லை.

ஜூலை 20

அந்தப் படம் பழைய வகுப்புத் தோழர்களின் கைபேசிக் குழுவில் வந்துவிட்டது. இடுப்புவரை நனைந்த செர்ஜான், இரண்டு கைகளிலும் இரண்டு பிள்ளைகள். கீழே கைதட்டல்கள், புஜம் காட்டும் பொம்மைகள். "நம்ம கடல்புலி!" என்று ஒருவன். படத்தின் ஓரத்தில், கால்களை நீட்டி உட்கார்ந்திருக்கும் பிபிநூர் அக்காவின் பாதி முதுகு. வெட்டிவிட்டார்கள், பாதியை.

திலெகன் அதற்கு ஒரு கட்டைவிரல் போட்டிருக்கிறார். கட்டைவிரல்! சோறு போடவில்லை இன்று. அவரே முட்டை பொரித்துக்கொண்டார்.

ஜூலை 24

அக்கா காலுக்குக் கட்டு மாற்றக் கடைக்கு வந்தார். பின்னறையில் உட்காரவைத்துப் பிரித்தேன். காயம் ஆறுகிறது. தோளில் கயிறு அறுத்த தடம் இன்னும் கறுப்பாக இருக்கிறது. அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"ஏன்க்கா பேசாம இருக்கீங்க? அவர் பொய் சொல்றார்."

"எனக்கு நீந்தத் தெரியும்னு எனக்குத் தெரியும். அது போதும்."

"எனக்குப் போதாது."

"அவர் ராத்திரி திடீர்னு எழுந்து உக்காந்துக்கிறார் மக்பால். சனாத்தப் போய்த் தொட்டுப் பாத்துட்டு வர்றார். கயித்த விட்டது தான்தான்னு அவருக்குத் தெரியாதா? அந்தக் கதைய வச்சுத்தான் மனுஷன் நிமிந்து நடக்குறார். அதையும் பிடுங்கச் சொல்றியா?"

"உங்களப் பாத்து, தண்ணி பொங்கிடும்னு சொன்னவருக்கா இத்தனை கரிசனம்?"

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். "கட்டு நல்லா போட்ருக்க" என்று சொல்லிவிட்டு நொண்டியபடி போனார்.

எனக்குக் கோபம் அவர்மேலும்தான். ஏன் இல்லாமல்?

ஜூலை 29

இன்று தலை வாரிவிடும்போது இன்ஜு கேட்டாள். "அம்மா, எங்களக் காப்பாத்துனது செர்ஜான் மாமாவா?"

"நீ என்ன பாத்த?"

"அத்தை கயித்தத் தோள்ல சுத்திக்கிட்டு வந்தாங்க. பயப்படாதீங்க, பாட்டுப் பாடுங்கன்னு சொன்னாங்க. ஆனா சனாத் சொல்றான், இல்லையாம், அவங்க அப்பாவாம். அவங்க அப்பாவே சொன்னாராம். நம்ம அப்பாவும் ஆமான்னாரு." கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "நான் தப்பாப் பாத்தேனா?"

சீப்பு கையிலிருந்து விழுந்துவிட்டது.

இல்லை கண்ணே, நீ சரியாகத்தான் பார்த்தாய் என்றேன். நூறு தடவை சொல்வேன். ஆனால் கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தேன். நம்பலாமா வேண்டாமா என்று எடை போடுகிறாள். ஒன்பது வயதுக் குழந்தை, தன் கண்ணையே சந்தேகப்படுகிறது! இதைத்தான் விடு, விடு என்கிறார்களா?

திலெகனிடம் அப்படியே சொன்னேன். அவள் வார்த்தைகளில், ஒன்றும் கூட்டாமல். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நின்றார். ஒரே பொத்தானைப் போட்டார், கழற்றினார், போட்டார்.

ஆகஸ்ட் 8

செர்ஜானே தொலைபேசியில். அவனுடைய நாற்பத்தைந்தாம் பிறந்தநாள் விருந்தாம், பெரிய மண்டபமாம். "தங்கச்சி, ஒரு சின்ன ஏற்பாடு. இன்ஜுவும் சனாத்தும் மேடைக்கு வந்து பூங்கொத்து குடுத்து நன்றி சொல்லணும். விழா நடத்துறவர் கேட்டுக்கிட்டார்."

முடியாது என்றேன். காரணம் உங்களுக்கே தெரியும் என்றேன். சிரித்தான். "நீ இன்னும் அந்தக் கசப்பு மருந்த முழுங்கலையா?"

மாலையில் திலெகன் கெஞ்சினார். நாற்பது வருடப் பழக்கமாம். ஊரார் என்ன நினைப்பார்களாம். நான் கத்தினேன், ஜன்னல் திறந்திருக்கிறது என்றுகூடப் பார்க்காமல். "என் பொண்ணு கையில பொய்யக் குடுத்து மேடையேத்தமாட்டேன்! வேணும்னா நீங்க போய்ப் பூக் குடுங்க!"

ஆகஸ்ட் 15

போனோம். போகாமல் இருக்க முடியாது என்றார். இன்ஜு மேடையேறமாட்டாள் என்ற நிபந்தனையில் போனேன்.

பெரிய மண்டபம். மேசை வழியப் பண்டங்கள். விழா நடத்துபவன் அந்தப் படத்தைச் சுவர் முழுக்கக் காட்டினான். செர்ஜானுக்கு மாலுமித் தொப்பி. கைதட்டல். பிபிநூர் அக்கா நீலச் சட்டையில், தட்டில் இறைச்சியைப் பங்கிட்டுக்கொண்டே இருந்தார், யாரும் கேட்காமலே.

"இப்போ நேர்ல பாத்தவர், பால்ய நண்பர், திலெகன் அவர்கள் அந்த நாளச் சொல்வார்!"

எழுந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இதையும் கேட்கவேண்டுமா என்று இருந்தது. மைக்கில் மூச்சுதான் முதலில் கேட்டது.

"செர்ஜான், நீ என் நண்பன். உனக்கு ஒண்ணுன்னா இன்னைக்கும் ஓடி வருவேன். ஆனா அன்னைக்கு நான் ஓடல. முழங்கால் தண்ணியில நின்னேன். நீ இடுப்புத் தண்ணியில நின்ன. ரெண்டு பேருக்கும் நீந்தத் தெரியாது. ரெண்டு பேரும் கத்துனோம், அவ்வளவுதான். போனது பிபிநூர். என் பொண்ணு அதப் பாத்தா. அவ பாத்தது சரின்னு அவ அப்பன் வாயால சொல்லணும், அதுக்குத்தான் எழுந்தேன். பிபிநூர், உங்களுக்காக." கோப்பையை உயர்த்தினார்.

எங்கோ ஒரு கரண்டிச் சத்தம். பிறகு யாரோ ஒரு கிழவி கைதட்ட ஆரம்பித்தாள், இரண்டு மூன்று பேர் சேர்ந்தார்கள், நடத்துபவன் அவசரமாகப் பாட்டைப் போட்டுவிட்டான். செர்ஜான் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனான். அக்கா எங்களைப் பார்க்கவே இல்லை. அவன் பின்னாலேயே எழுந்து போனார்.

இன்ஜு அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் சொன்னேன்ல" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

ஆகஸ்ட் 16

திலெகனை வகுப்புத் தோழர்கள் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். விருந்து வீட்டில் மானத்தை வாங்கினானாம். மானம்! யாருடையது?

நாள் முழுக்க அவர் தூண்டில் முட்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 27

மாலை, கடை மூடும் நேரம். வரிசையின் கடைசியில் செர்ஜான். விருந்துக்குப் பிறகு இன்றுதான் பார்க்கிறேன். இளைத்திருக்கிறார்.

"காதுல தண்ணி போயிடுச்சு. சொட்டு மருந்து வேணும்."

"யாருக்கு? சனாத்துக்கா?"

"பிபிநூருக்கு." கண்ணாடிப் பேழைக்குள் எதையோ பார்த்தபடி சொன்னார். "தினமும் காலையில கடலுக்குப் போறா. தண்ணி சில்லுன்னு ஆயிடுச்சு, இனி வேணாம்னா காதுல போட்டுக்கிறதில்ல."

மருந்தை எடுத்துக் கொடுத்தேன். கைக்குள் வைத்துச் சூடாக்கிவிட்டு ஊற்றச் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார். போகவில்லை.

"திலெகன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கார். நேர்லயே வந்து கேளுங்க."

புட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"அக்கா நீந்துறப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?"

சண்டைக்கு வருவார் என்றுதான் நினைத்தேன். கதவில் கையை வைத்தபடி திரும்பினார்.

"துண்டு வச்சுக்கிட்டு கரையில நிப்பேன்," என்றார்.