எல்லாவற்றுக்கும் ஒரே அட்டை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மனைவியும் நலம். நீயும் நலமாக இருக்கிறாய் என்றும் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்றும் நம்புகிறேன். இரண்டாவதில் நம்பிக்கை கொஞ்சம் குறைவுதான்.

முதலில் செய்தி. நேற்று அவளுடைய முதலாண்டு ஆய்வமர்வு முடிந்தது. மூன்று பேராசிரியர்களும் ஒப்புதல் கொடுத்துவிட்டார்கள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் நிலைத்துவிட்டது, உதவித்தொகையும் தொடரும். இது உனக்குத் தெரியும். அவள் செய்தி அனுப்பியதும் நீ கட்டைவிரல் படம் ஒன்று அனுப்பியதும், அவள் அங்கே வர நீ எடுத்து வைத்திருக்கிற டிக்கெட்டை நினைத்து அதற்குக் கீழேயே "டிக்கெட்டை என்ன பண்றது?" என்று கேட்டதும் எனக்குத் தெரியும். அவளே காட்டினாள். இதுவரை பதில் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

போனில் பேசியிருக்கலாமே என்பாய். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து ஊரார் பேச்சை இணைத்துக் கொடுத்தவள் நான். முக்கியமான எதையும் போனில் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. தவிர, போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரிம்மா" என்கிறாய். காகிதத்தைப் பார்த்து அப்படிச் சொல்லிவிட்டு வைத்துவிட முடியாது.

போன வருடம் நீ வேலைக்காக வெளிநாடு கிளம்பும்போது, பெட்டியின் மேல் முழங்காலை ஊன்றி மூடிக்கொண்டே, "ஒரு வருஷம் பார்க்கலாம்மா. சரிப்பட்டு வரலைன்னா அவ அங்க வந்துடட்டும். நிஜமாவே படிக்கிறாளான்னு நீங்க கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றாய். என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தால் நான் அரைகுறையாகச் செய்வதில்லை. பார்த்தேன். பார்த்ததைச் சொல்கிறேன்.

முதல் வருடம் முழுக்க வாசிப்புதானாம். இரண்டு வகைப் புத்தகங்கள். ஒன்று, ஏதோ ஒரு மலையிலோ தீவிலோ போய் இரண்டு மூன்று வருடம் தங்கி, அங்கே இருப்பவர்கள் எப்படிக் கல்யாணம் செய்கிறார்கள், யாரைத் திட்டுகிறார்கள், செத்தவரை என்ன செய்கிறார்கள் என்று ஆராய்ந்து எழுதியவை. இனவரைவியல் என்கிறார்கள். அது படிப்பு, ஒத்துக்கொள்கிறேன். மற்றது ஃபேன்டஸி நாவல். திறந்ததும் இல்லாத நாட்டுக்கு ஒரு வரைபடம், அப்புறம் தலையணை கனத்துக்குக் கதை. கல்யாணமான பெண் டிராகன் கதையை மடியில் வைத்துக்கொண்டு பென்சிலால் கோடு போட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? "இதுவும் பாடமா?" என்று கேட்டேன். "இதுவும் பாடம்தான் அத்தை" என்றாள். "எங்கள் காலத்தில் இதைப் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தோம்" என்றேன். "இப்ப அதுதான் பாடப்புத்தகம்" என்றாள். வாய் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் புத்தகங்களின் மேலட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு வாரம், பாதி உடையில் வாளோடு நிற்கும் ஒருத்தி. மறுவாரம், முகமெல்லாம் சுண்ணாம்பு பூசிய ஒரு மனிதர். தண்ணீர் கேன் போட வருகிறவர் கேனைத் தோளில் வைத்தபடியே அந்த வாள்காரியை நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்றே பழுப்புத் தாள் வாங்கி வந்து எல்லாவற்றுக்கும் அட்டை போட்டேன். கான்வென்ட்டில் எங்களுக்கு முதல் நாள் வேலையே அதுதான். மூலையில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் சிஸ்டர் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். லேபிளில் நூலக எண்ணை மட்டும் எழுதினேன். "அத்தை, எது எதுன்னே தெரியலையே" என்றாள். திறந்து பார்த்தால் தெரிந்துவிட்டுப் போகிறது என்றேன்.

இது நடந்து சில மாதத்தில் எனக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். வாசிக்கக் கூடாது, குனியக் கூடாது, அடுப்புப் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அவளை எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொட்டுமருந்து விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, எப்படியும் படிக்க வேண்டியதுதானே என்று சத்தமாக வாசிக்க ஆரம்பித்தாள். ஆங்கிலத்தில் இருப்பதைப் பார்த்துக்கொண்டே தமிழில் சொல்லிப் போவாள். நன்றாகவே சொல்வாள். வாக்கியம் தடம் புரண்ட இடங்களில் மட்டும் திருத்தினேன். காலையில் ஒரு புத்தகம், மாலையில் ஒரு புத்தகம்.

காலைப் புத்தகத்தில் மலைக்காரர்கள் வந்தார்கள். அவர்களுடைய மந்திரவாதி பறவையாக மாறிப் போய் அடுத்த ஊர்க்காரனின் ஈரலைத் தின்றுவிட்டு விடிவதற்குள் வந்து படுத்துக்கொள்வான். அவர்கள் வீடு மாறும்போது பழைய வீட்டுக் கதவிடம் மன்னிப்புக் கேட்பார்கள். கதைக்காரனுக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று நினைத்தேன். மாலைப் புத்தகத்தில் ஆற்றங்கரைக்காரர்கள். மந்திரமும் இல்லை, டிராகனும் இல்லை. படகு, மீன், வரி, பஞ்சாயத்து. அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பெண்ணின் கணவன் இறந்துபோனால், அந்த வருடத்துக்குள் ஊரிலுள்ள ஒவ்வொருவரும் ஒருமுறையாவது அவள் வீட்டுக்கு வந்து அவளோடு சண்டை போட வேண்டும். எல்லாரும் பாவம் பாவம் என்று தணிந்த குரலிலேயே பேசினால், அவள் குரலும் தணிந்து கடைசியில் இல்லாமலே போய்விடுமாம். இதைக் கேட்டுவிட்டு அவளைக் கொஞ்சம் நிறுத்தச் சொன்னேன். கண்ணில் மருந்து கரித்தது.

எது நாவல், எது ஆராய்ச்சி என்று நான் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது? ஈரல் தின்கிறவன் கதை. மீன் விற்கிறவன் நிஜம். கண் டாக்டரிடம்கூட ஆற்றங்கரைக்காரர்களைப் பற்றிச் சொன்னேன். உலகத்தில் புத்தியுள்ள ஜனங்களும் இருக்கிறார்கள் என்று அவரும் ஒத்துக்கொண்டார்.

இப்போது நீ அறியாத விஷயம். இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் பல்கலைக்கழகம் போவதையே நிறுத்திவிட்டாள். வருடம் முழுக்கப் படித்தாயிற்று, அமர்வில் சொல்ல ஒரு வரி இல்லை. கட்டிலைச் சுற்றிப் பழுப்புப் புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பாள். குளிப்பதற்குக்கூடச் சொல்ல வேண்டியிருந்தது. ஒருநாள் பெட்டியை இறக்கித் தூசி தட்டினாள். "எப்படியும் அங்க போறதுதானே அத்தை" என்றாள். உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினால் நீ டிக்கெட்டை முன்கூட்டியே மாற்றுவாய் என்று தோன்றியது. எழுதவில்லை.

அப்போதுதான் அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை வீட்டுக்கே வந்தார். தலை முழுக்க நரை, காலில் ஓட்டப்பந்தய ஷூ. கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார், அது எனக்குப் பிடித்திருந்தது. டீ கொடுத்தேன். உன் மனைவி வாயே திறக்கவில்லை. சபையில் மௌனம் நீடித்தால் எனக்குப் பொறுக்காது என்பது உனக்குத் தெரியும். அதனால் நான் ஆற்றங்கரைக்காரர்களைப் பற்றி எடுத்தேன். ஆராய்ச்சி என்றால் அப்படி இருக்க வேண்டும், அந்த ஈரல் கதையெல்லாம் பிள்ளைகளைப் பயமுறுத்தத்தான் லாயக்கு என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பேராசிரியை டீயைக் கீழே வைத்துவிட்டு, "எதை வெச்சும்மா ஆத்தங்கரைக்காரங்க நிஜம்னு முடிவு பண்ணீங்க?" என்று கேட்டார்.

கேட்டால் சொல்ல மாட்டேனா? அந்தப் புத்தகத்தில் மூன்றாம் வீட்டுக்காரி பல்வலி என்று சொல்லிச் சண்டைக்கு வரவில்லை. மாப்பிள்ளை ஒருவன் வாசலில் நின்று கடமைக்கு இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் படகைப் பிடிக்க ஓடினான். அதைப் பற்றி ஊரே ஒரு வாரம் புறம் பேசியது. மற்றதில், எல்லாரும் எப்போதும் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார்கள் என்று எழுதியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் முப்பது பெண்களை வைத்து வேலை வாங்கியவள் நான். ஒழுங்காக நடந்தது என்று மட்டும் ஒருவர் எழுதிக் கொடுத்தால், அவர் அன்று அங்கே இல்லை என்று அர்த்தம். இதைத்தான் சொன்னேன். உன் மனைவி கப்பைப் பாதி வழியில் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

"அம்மா, ஆத்தங்கரைக்காரங்க நாவல்ல வர்றவங்க" என்றார் பேராசிரியை. மெதுவாகத்தான் சொன்னார். "கதவுகிட்ட மன்னிப்பு கேக்கறவங்கதான் நிஜமா இருக்காங்க."

கழுவின கப்பையே திரும்பக் கழுவினேன். அவர் கிளம்பிப் போனதும் இவளிடம், நான் மாற்றி நினைத்திருந்தது எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "நீங்க கண் டாக்டர்கிட்ட சொன்ன அன்னிக்கே தெரியும் அத்தை" என்றாள். ஏன் சொல்லவில்லை? "சொன்னா கேக்கறதை நிறுத்திடுவீங்கன்னு பயமா இருந்தது." என்னை வைத்து வேடிக்கை பார்த்தாயா என்றேன். கொஞ்சம் உரக்கவே கேட்டிருப்பேன். அவ்வளவுதான், ஒரு வருடமாகப் பூனை போல நடந்தவள் பொரிந்து தள்ளிவிட்டாள். "நான் என்ன செஞ்சாலும் தப்பு! படுத்துட்டுப் படிச்சா தப்பு, பக்கத்தை மடிச்சா தப்பு, சொந்தமா ஒரு அட்டைகூட இல்லாம என் புத்தகமெல்லாம் ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுட்டு நிக்குது! உங்ககிட்ட ஒரே ஒரு தப்பு வந்துட்டா உலகம் இடிஞ்சுடுமா?" என்றாள். யூனிஃபார்ம் போட்டால் என்ன கெட்டுப்போயிற்று என்றேன். "மூச்சு முட்டுது!" என்றாள். அப்படியானால் ஜன்னலைத் திற என்றேன். திறந்தாள், படாரென்று. மாடி வீட்டில் டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டார்கள். குறைக்கட்டும். நானும் விட்டுக்கொடுக்கவில்லை, அவளும் விடவில்லை. தொண்டை வறண்டு இரண்டு பேரும் ஒரே சொம்பில் தண்ணீர் குடித்த பிறகுதான் ஓய்ந்தது.

உன் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என்னிடம் யாரும் குரல் உயர்த்தியதில்லை. நீயும்தான். அன்று நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில் அவள் புத்தகங்களையெல்லாம் ஹாலுக்கு இழுத்துவந்து, வழக்கத்தை மீறுகிறவர்கள் எங்கெங்கே வருகிறார்கள் என்று தேட ஆரம்பித்தாள். மலைக்காரர்களையும் மறுபடி எடுத்தாள். அதிலும் கதவிடம் பேச வெட்கப்பட்டவன் ஒருவன் இருந்தானாம், அடிக்குறிப்பில் பொடி எழுத்தில். "பாருங்க அத்தை, இவனை மேல எழுதியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்க" என்று குதித்தாள். எந்த ஊரை நம்புகிறோம், ஏன் நம்புகிறோம் என்பதுதான் அவளுடைய ஆய்வுப்பொருள் ஆகிவிட்டது. திட்ட அறிக்கையில் என்னை "ஒரு முதிய வாசகி" என்று எழுதியிருந்தாள். "முதிய" என்பதை அடித்துவிட்டேன்.

நேற்று அமர்வுக்கு என்னையும் கூட்டிப்போனாள். தேய்த்த புடவையை உடுத்திக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மூவரில் ஒருவர் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே இருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "கதைப்புத்தகம் படிக்கறதுக்கு யுனிவர்சிட்டி எதுக்கும்மா? வீட்டுலயே படிக்கலாமே" என்றார். வருடம் முழுக்க நான் கேட்ட அதே கேள்வி. அவர் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. எழுந்துவிடுவேனோ என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். அவள் பதறவே இல்லை. "வீட்டுலதான் சார் படிச்சேன். எங்க வீட்டுல ஒருத்தங்க இல்லாத ஊரை நம்பினாங்க, இருக்கற ஊரைப் பொய்யின்னாங்க. அவங்க ஏமாளி இல்ல. நான் பார்த்ததுலயே ரொம்பக் கண்டிப்பான வாசகி. அவங்களையே நம்ப வைக்க முடியலைன்னா, நாம எழுதறதுலதான் ஏதோ குறை இருக்கு. அது என்னன்னு தேடறேன்" என்றாள்.

அப்புறம் எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார்கள். நடைபாதையில் ஒரு பெஞ்சு. இருவரும் அதில் உட்கார்ந்தோம். கூப்பிட்டபோது பேராசிரியை முகத்தைப் பார்த்தேன். உள்ளே போகாமலே தெரிந்துவிட்டது. பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். நெஞ்சிலிருந்து ஒரு அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது எனக்கு.

இனி அவள் இந்த ஊரில் பல தரப்பட்ட ஆட்களைக் கூட்டி, வாசித்துக் காட்டி, எதை நம்புகிறார்கள் என்று கேட்க வேண்டுமாம். வாரம் ஒருநாள் நம் ஹாலில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். செருப்பு வெளியே, அவ்வளவுதான் நிபந்தனை.

நீ அவளைப் பிரிந்திருப்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியாதா? தனியாகச் சாப்பிடுவது என்றால் என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் சொல்கிறேன். டிக்கெட்டை என்ன செய்வது என்று அவளைக் கேட்காதே. கேட்டால் உன் முகம் வாடக் கூடாது என்பதற்காக வந்துவிடுவாள், வந்த பிறகு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். நீயே அதை ரத்து செய்துவிட்டுப் போன் பண்ணு. அமர்வில் என்ன பேசினாய் என்று கேள், அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. உன் விடுமுறைக்கு நீ இங்கே வா.

எனக்கு இடது கண்ணுக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. ஆஸ்பத்திரியிலேயே ஆள் ஏற்பாடு செய்து தருகிறார்கள், விசாரித்துவிட்டேன். சொட்டுமருந்தை யார் வேண்டுமானாலும் விடலாம்.

உங்கள் இருவருக்கும் என் ஆசி உண்டு. உன் பங்கை இந்த உறைக்குள் வைத்து ஒட்டுகிறேன். என் மருமகளின் பங்கை இங்கே நேரில் கொடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அம்மா