அக்காவின் ஜப்பான் பாட்டு

மார்ச் 4, செவ்வாய்

எக்ஸ்ரே அறையில் ஒரு பெரியவரை மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல மறந்துவிட்டேன். கன்னம் உப்பித் தாங்கமாட்டாமல், "அம்மா, விடலாமா, இல்ல இப்படியே போய்ச் சேரட்டுமா?" என்றார். உதவியாளர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே யாருடைய போனிலோ அந்தப் பாட்டு. முப்பத்தோரு வருடம் கழித்து.

கையில் கட்டுப் போட்ட ஒரு பெண்ணின் போன். "பழைய ஜப்பான் பாட்டு ஆன்ட்டி. திடீர்னு இப்ப எல்லாரும் கேக்கறாங்க. அனுப்பட்டா?" அனுப்பினாள்.

மார்ச் 5

இன்னும் திறக்கவில்லை.

மார்ச் 8, சனி

அப்பா கண்ணயர்ந்த நேரத்தில் கேட்டேன். கீழே அர்த்தம் போட்டிருந்தது. உன்னை இன்னும் கொஞ்ச நேரம் நினைக்கலாமே என்று ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்கிறேன் — இப்படி ஒருத்தி பாடுகிறாள். அக்காவுக்கு இது அப்போதே தெரிந்திருக்கும். எதை அழித்தேன் என்று எனக்கு இன்றுதான் தெரிகிறது.

எழுதிவிட்டேன். அழித்தேன். நான்தான்.

மார்ச் 9

அக்காவுக்கு இருபத்தொன்று, எனக்குப் பதினான்கு. அவள் வேலை பார்த்த தொழிற்சாலைக்கு இயந்திரம் பொருத்த வந்த ஜப்பான்காரர், ஊருக்குக் கிளம்பும்போது அவளுக்கு ஒரு கேசட் கொடுத்தார். அந்தப் பாட்டு, அது முடிந்ததும் தப்புத் தப்பான தமிழில் ஒரு நிமிடம் அவர் குரல். பிறகு கடிதம் எதுவும் வரவில்லை. அவளிடம் மிஞ்சியது அந்தக் குரல்தான். தூக்கம் வரும்வரை என்னோடு வம்பளந்துகொண்டு கிடந்தவள், காதில் ஹெட்போனோடு அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தாள். ஒருநாள் அவள் வேலைக்குப் போனதும் அந்தக் கேசட்டைப் போட்டுப் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, ஐந்து நிமிடம் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான்.

அந்த மனிதர் வீட்டுப் பக்கமே வரக்கூடாது என்று சொன்னவர் அப்பா. அதனால் அக்கா அப்பாவைத்தான் சந்தேகப்பட்டுக் கேட்டாள். "நான் தொடவே இல்ல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை. அந்த மாதமே அக்கா வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டு போனாள். என்னோடு போனில் பேசுவாள். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

மார்ச் 13

அப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடும்போது கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கே தெரியுமாப்பா? கேசட்டு விஷயம்?"

"நீ சின்னவ. அவ உன்னைத் தோலை உரிச்சிருப்பா" என்று சிரித்தார். பிறகு, "ஒரு வாரத்துல சரியாயிடுவான்னு நெனச்சேன்."

ஒரு வாரம்!

மார்ச் 14

போனை எடுத்தேன், வைத்தேன். சொன்னால் இருக்கிற ஒரே அக்காவும் போய்விடுவாள். சொல்லாவிட்டால்? அப்பாவுக்கு எண்பத்திரண்டு. ஏன்டி, இன்னும் யாருக்குப் பயந்து சாகறே? உனக்குப் பதினாலு வயசா?

மார்ச் 16, ஞாயிறு

பாட்டை அனுப்பிவிட்டுக் கூப்பிட்டேன்.

"அப்பா அழிக்கலைக்கா. நான்தான்."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னைக்கே."

வைத்துவிட்டாள்.

மார்ச் 22

நான்கு முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

ஏப்ரல் 5, சனி

அக்கா வந்தாள். கதவைத் திறந்த என்னைத் தாண்டிக்கொண்டு நேராக அப்பா அறைக்குப் போனாள்.

"என்னப்பா இப்படி எளைச்சுட்டீங்க?"

"நீ மட்டும் என்னவாம், பெரியவளே" என்றார் அப்பா. அக்கா அழும் சத்தம் கேட்டது. நான் உள்ளே போகவில்லை.

மத்தியானம் அவருக்கு நகம் வெட்டிவிட்டாள். சாயங்காலம் சமையலறை வாசலில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல், "அவருக்கு மாத்திரை எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

"ஏழு."

ஏழு மணிக்கு அவளே கொடுத்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன்.