திரையைப் பார்த்து அழுதவர்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். கண் ஆபரேஷனுக்குப் பிறகு எழுத்து தெளிவாகத் தெரிகிறதா? நான் நலம்.

போன ஞாயிறு எங்கள் நாடக மன்றத்தில் ஒரு வேடிக்கை. நான் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பவள் அல்லவா? கதாநாயகன் இரண்டாம் காட்சியிலிருந்து நேராக நான்காம் காட்சிக்குத் தாவிவிட்டான். மேடைக்கு மேலே மொழிபெயர்ப்புத் திரையை ஓட்டும் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவள் மூன்றாம் காட்சியையே ஓட்டினாள். மேடையில் கல்யாணக் கேலி, திரையில் தகப்பன் சாகிறான். சபை முழுவதும் திரையைப் படித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"நல்லவேளைக்கா, யாருக்கும் தெரியல!" என்று சிரித்தான் நாயகன். செயலாளர் சிரிக்கவில்லை.

"அப்புறம் யாருக்காகத் தமிழ்ல போடறோம்?" என்று கேட்டார்.

நம் ஊரிலிருந்து பிழைக்க வந்த துறைமுகத் தொழிலாளர்கள் கைக்காசு போட்டு இந்தத் தலைநகரில் தொடங்கிய மன்றம் இது. அந்தக் காலத்தில் நடிகர் வசனத்தை மறந்தால் சபையே சொல்லிக்கொடுக்குமாம். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் அன்று அழுதவர்கள். இனி நாடகமெல்லாம் இந்த ஊர் மொழியில்தான் என்று முடிவாகிவிட்டது.

அந்த மொழியில் வசனம் எடுத்துக்கொடுக்க எனக்கு வராது. கவலை வேண்டாம், வேலை போகவில்லை. டிக்கெட் கொடுக்க உட்காரச் சொல்லியிருக்கிறார் செயலாளர்.

போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதும் வைத்துவிடாதீர்கள். பக்கத்து வீட்டுச் சண்டையையாவது முழுசாகச் சொல்லுங்கள். நான் பதில் பேசாவிட்டாலும் சொல்லிக்கொண்டே இருங்கள், தமிழ் காதில் விழட்டும். டிக்கெட் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

உங்கள் மகள்